கயிற்றைத் தொடாமல் முடிச்சு சொல்லித்தருவது: இரண்டு நாள் வெளிப்புறப் பயிற்சியின் பதிவு

பன்னிரண்டு தன்னார்வலர்கள். மூன்று தார்ப்பாய்கள், ஒவ்வொன்றும் 4 மீட்டருக்கு 3 மீட்டர். 6 மில்லிமீட்டர் நைலான் கயிறு 160 மீட்டர், 1.8 மீட்டர் நீளமுள்ள கம்புகள் பதினெட்டு, திசைகாட்டி ஆறு, ஆளுக்கு ஒரு விசில், முதலுதவிப் பெட்டி இரண்டு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லாவற்றையும் புல்தரையில் பரப்பி எண்ணிச் சரிபார்த்தோம். கயிறு வாங்கியதில் நான் செய்த தவறு அப்போது தெரியவில்லை. ஞாயிறு விடிகாலையில்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் இளைஞர் குழுவில் 11 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். கேம்ப்புக்குக் கூட வரும் பெரியவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, விடுமுறையை இதற்குக் கொடுப்பவர்கள். போன கேம்ப்பில் கூடாரம் போடும் நேரத்தில் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். முடிச்சுப் போட்டது பெரியவர்கள். முளை அடித்ததும் பெரியவர்கள். பிள்ளைகள் சுத்தியலை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. இருட்டப் போகிறது, மழை வரும்போல இருக்கிறது, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம்தான் காரணம். ஆனால் அன்று ராத்திரி அந்தக் கூடாரங்களில் படுத்த பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அது எதன் பலத்தில் நிற்கிறது என்று தெரியாது. அது என்னை நிறைய யோசிக்க வைத்தது.

அதனால் இந்த வார இறுதியைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று வைத்தோம். ஒவ்வொரு வேலையையும் இரண்டு முறை செய்ய வேண்டும். முதல் முறை, தானே செய்வது. இரண்டாம் முறை, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லித்தருவது. அப்போது இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கயிறோ விறகோ வரைபடமோ, எதையும் தொடக் கூடாது. ஆபத்து என்றால் மட்டும் கையை நீட்டலாம்.

பெரியவர்களைப் பிள்ளைகளின் இடத்தில் உட்கார வைப்பது சாரணர் இயக்கத்தில் பழைய வழக்கம். அந்த இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் இருபது பையன்கள் அளவில் சேர்த்து ஒரு சோதனைக் கேம்ப் நடத்தினார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1919-இல், லண்டன் பக்கத்திலுள்ள கில்வெல் பார்க்கில் தலைவர்களுக்கான முதல் வுட் பேட்ஜ் பயிற்சி நடந்தது. அங்கே வந்த பெரியவர்களும் பையன்களைப் போலவே சிறு அணிகளாகப் பிரிந்து கேம்ப் வாழ்க்கையை வாழ்ந்துதான் கற்றார்கள். நாங்கள் சாரணர் குழு இல்லை. ஆனாலும் அந்த முறையை எடுத்துக்கொண்டோம்: நான்கு பேர் கொண்ட மூன்று அணிகள், அரை நாளுக்கு ஒருவர் தலைவர். எல்லோருக்கும் ஒரு முறையாவது பொறுப்பு வரும். மற்ற நேரங்களில் இன்னொருவர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும்.

முடிச்சுகளில் ஆசைப்படவில்லை. ஐந்து மட்டும். கம்பில் கட்டைத் தொடங்க குளோவ் ஹிட்ச். இறுகாத வளையத்துக்கு போலைன். வேறு வேறு தடிமனுள்ள இரண்டு கயிற்றைச் சேர்க்க ஷீட் பெண்ட். கூடாரக் கயிற்றை நீட்டவும் குறைக்கவும் டாட்லைன். உச்சிக் கயிற்றை விறைப்பாக இழுக்க டிரக்கர்ஸ் ஹிட்ச். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த ரீஃப் நாட் முடிச்சை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். கட்டுத்துணியின் முனைகளை முடிய அது நல்லது. பாரம் தாங்க வேண்டிய இரண்டு கயிற்றை அதை வைத்து இணைத்தால் புரண்டு அவிழ்ந்துவிடும். தெரிந்த முடிச்சு என்பதற்காகவே அதை எங்கும் போடுகிறோம், அதுதான் பிரச்சினை.

தானே போட்டுப் பார்க்கும் சுற்று அரை மணி நேரத்தில் முடிந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லித்தரும் சுற்றில் போலைனுக்கு மட்டும் நாற்பது நிமிடம் போனது. பல ஆண்டுகளாகக் கேம்ப்புக்கு வரும் ஒரு அக்கா, கண்ணை மூடிக்கொண்டு போலைன் போடுவார். அவர் எதிரில் உட்கார்ந்தவரிடம் "அதை மேலே கொண்டுவா, இல்லை, இந்தப் பக்கம், இப்போது உள்ளே விடு" என்று சொல்லச் சொல்ல, எதிரில் இருந்தவரின் கையில் சிக்கல்தான் பெரிதானது. கடைசியில் "என் கை செய்கிறது, எனக்கே தெரியவில்லையே என்ன செய்கிறேன் என்று" என்றார். அவர் சொன்னதைப் பயிற்சி ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்த எல்லாமே அதைச் சுற்றித்தான் இருந்தது.

இரண்டு மாற்றம் செய்தோம். கயிற்றின் பாகங்களுக்கு முதலில் பெயர் வைத்தோம். மரத்தில் கட்டியிருக்கும், அசையாத பக்கம் "நிற்கும் கயிறு". கையில் பிடித்து வேலை செய்யும் பக்கம் "ஆடும் முனை". அதன் நுனியில் சிவப்பு டேப் ஒட்டினோம். அப்புறம், எதிரெதிரே உட்காராமல் இருவரும் ஒரே திசையைப் பார்த்துத் தோளோடு தோள் உட்கார்ந்தோம். எதிரில் இருந்தால் இடமும் வலமும் மாறிவிடுகிறது, கேட்பவர் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. இப்போது அதே அக்கா சொன்னது இப்படி: "நிற்கும் கயிற்றில் ஒரு சின்ன வளையம் போடு, ஆடும் முனைப் பக்கம் மேலே இருக்கட்டும். சிவப்பு நுனி வளையத்துக்குக் கீழிருந்து மேலே வரட்டும். நிற்கும் கயிற்றுக்குப் பின்னால் ஒரு சுற்று. வந்த வழியே வளையத்துக்குள் இறங்கட்டும். நிற்கும் கயிற்றை இழு." நான்கு நிமிடத்தில் முடிச்சு விழுந்தது. மிச்ச நுனி ஒரு உள்ளங்கை அகலமாவது வெளியே இருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டோம், ஏனென்றால் வழுவழுப்பான கயிற்றில் பாரம் இல்லாத நேரத்தில் போலைன் தளர்ந்துவிடும். பாறை ஏறவோ உயரத்தில் தொங்கவோ இது போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஒரு முடிச்சு கற்றதும் மரத்தில் தொங்கிப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள்.

இடக்கைப் பழக்கமுள்ள தம்பி ஒருவர் அணியில் இருந்தார். அவருக்கு மட்டும் எதிரில் உட்கார்ந்து காட்டினால் நேராகப் புரிந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல அவருக்கு அது அமைந்துவிடுகிறது. பிள்ளைகளில் யார் இடக்கை என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இத்தனை நாள் கேட்டதில்லை.

அடுத்தது கம்பு கட்டுவது. ஒவ்வொரு அணிக்கும் ஆறு கம்பு, கை கழுவும் தொட்டி வைக்க ஒரு முக்காலி. மூன்று கம்புகளை உச்சியிலிருந்து 50 செ.மீ. கீழே சேர்த்துக் கட்டி விரித்தால் மேலே தொட்டி உட்காரும் இடம் வரும். கீழே மூன்று குறுக்குக் கம்பு கட்டினால் கால்கள் விரிந்து போகாது. குறுக்குக் கம்புகளுக்குச் சதுரக் கட்டு: நிற்கும் கம்பில் குளோவ் ஹிட்ச் போட்டுத் தொடங்கி, இரண்டு கம்பையும் சேர்த்து மூன்று சுற்று, பிறகு இரண்டு கம்புக்கும் நடுவே கயிற்றின் மேலேயே இரண்டு மூன்று நெரிச் சுற்று, குறுக்குக் கம்பில் குளோவ் ஹிட்ச் போட்டு முடிப்பு.

இரண்டு இடத்தில் கெட்டது. முதலில் கயிற்று நீளம். கணக்கு தெரிந்தும் கண் அளவில் 3 மீட்டராக வெட்டிவிட்டோம். இரண்டு கம்பின் விட்டத்தையும் கூட்டி, ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் 90 செ.மீ. கயிறு என்பது கை கண்ட அளவு. எங்கள் கம்புகள் 5 செ.மீ. தடிமன், இரண்டும் சேர்ந்து 10 செ.மீ., அப்படியென்றால் 3.6 மீட்டர் வேண்டும். 60 செ.மீ. குறைந்ததால் நெரிச் சுற்று ஒன்றோடு நின்றது. இரண்டாம் அணியின் முக்காலியில் ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றியதும் குறுக்குக் கம்பு மெதுவாகச் சறுக்கி, கால் விரிந்து, தொட்டி கவிழ்ந்தது. பிரித்துப் பார்த்தால் மூன்று முதன்மைச் சுற்றும் நன்றாக இறுக்கமாகத்தான் இருந்தன. நெரிச் சுற்றுதான் கம்புகளை ஒன்றோடொன்று கவ்வ வைக்கிறது, அதில்தான் முழு உடல் பலத்தையும் போட வேண்டும். கயிற்றை ஒரு குச்சியில் சுற்றி, காலைக் கம்பில் ஊன்றி இழுத்தபோது சரியாக வந்தது. வெட்டிய கயிறுகளை ஷீட் பெண்ட் போட்டு நீட்டிக்கொண்டோம்.

முதல் அணிக்கு எதிர்ப்பக்கத் தவறு. உச்சிக் கட்டை அவ்வளவு இறுக்கிவிட்டார்கள், கால்களை விரிக்கவே முடியவில்லை. முக்காலிக் கட்டில் சுற்றுகள் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும், விரிக்கும்போது தானாக இறுகும். அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். இந்த வேலைக்குக் காலை முழுவதும் போனது, நான் ஒதுக்கியது ஒன்றரை மணி நேரம். ஆனால் கவிழ்ந்த அந்த முக்காலியைச் சுற்றிப் பன்னிரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து, எந்தக் கட்டு முதலில் நழுவியது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பேசிய இருபது நிமிடம்தான் அன்றைய நாளிலேயே எனக்குப் பிடித்த நேரம்.

தார்ப்பாய் போடுவது மதியம். இரண்டு மரத்துக்கு நடுவே உச்சிக் கயிறு, அதன் மேல் தார்ப்பாய், பக்கத்துக்கு மூன்று இழுகயிறு. மேலே பட்ட கிளை தொங்குகிறதா என்று முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். காய்ந்த கிளை காற்றில் விழுந்தால் தார்ப்பாய் தடுக்காது. முளையைத் தார்ப்பாய்க்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடித்தால் கயிறு அதைப் பிடுங்காது. உச்சிக் கயிறு வழியாக மழைத்தண்ணீர் ஓடி உள்ளே வராமல் இருக்க, தார்ப்பாய் விளிம்புக்குச் சற்று வெளியே ஒரு சாண் நீளத்தில் நூல் ஒன்றைக் கயிற்றில் முடிந்து தொங்கவிட்டோம். தண்ணீர் அந்த நூலில் இறங்கிச் சொட்டிவிடும். மாலை நாலு மணிக்கு மூன்று தார்ப்பாயும் பறை மாதிரி விறைப்பாக நின்றன. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

தீ மூட்டும் வேலையை அனுமதியுள்ள, ஏற்கெனவே கல் வளையம் இருந்த இடத்தில் மட்டும் செய்தோம். சுற்றிலும் சருகைக் கூட்டித் தள்ளி, அணிக்கு ஒரு வாளி தண்ணீர் வைத்த பிறகுதான் தீப்பெட்டி. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் அணிக்கு 13 நிமிடம், மூன்றாம் அணிக்கு 31 நிமிடம். இரண்டாம் அணியின் தீ மூன்று முறை அணைந்து, நாற்பத்தைந்து நிமிடத்தில் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றது. காரணம் ஒன்றேதான்: கட்டை விரல் தடிமனுள்ள விறகை வைக்க அவசரப்பட்டது. தீக்குச்சி தடிமனில் இரண்டு கைப்பிடி, பென்சில் தடிமனில் இரண்டு கைப்பிடி, கட்டை விரல் தடிமனில் ஒரு கட்டு. இவ்வளவையும் முன்பே பிரித்து அடுக்கி வைத்த அணிக்குத்தான் சீக்கிரம் கொதித்தது. பற்றவைத்த பிறகு சுள்ளி பொறுக்க ஓடியவர்களுக்குத் தீ காத்திருக்கவில்லை.

கையைப் பின்னால் வைத்துக்கொள்ளும் விதி இங்கேதான் எல்லோரையும் வாட்டியது. அணையப் போகும் தீயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இருபத்திரண்டு வயதுத் தம்பிக்குச் சொல்லித்தந்தார். தம்பி தடித்த விறகை எடுத்த ஒவ்வொரு முறையும் "அது வேண்டாம்ப்பா" என்றார். மூன்று முறை சொன்னார். தம்பி மூன்று முறையும் கீழே வைத்தார், நான்காம் முறை மறுபடி அதையே எடுத்தார். அப்போது அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தீ இப்போது எந்தப் பக்கம் ஏறப் பார்க்கிறது, சொல்லு" என்று கேட்டார். தம்பி குனிந்து பார்த்தார். இடப்பக்கம் அடியில் ஒரு சின்னச் சுடர், அதற்கு மேலே ஒன்றுமில்லை. அவராகவே நான்கு பென்சில் சுள்ளிகளை அங்கே சாய்த்து வைத்தார். பற்றிக்கொண்டது. வேண்டாம் என்று சொன்னபோது அவர் அந்த அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டபோதுதான் தீயைப் பார்த்தார்.

விறகைச் சீவும்போது ஒருவருக்கு இடது கட்டை விரலில் வெட்டு. சுத்தத் துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்ததும் ரத்தம் நின்றது. கழுவிக் கட்டுப் போட்டோம். இரண்டு கை நீளத்துக்குள் வேறு யாரும் இல்லை, உட்கார்ந்துதான் சீவினார், தொடைக்கு நடுவே சீவவில்லை. சொன்ன விதி எல்லாவற்றையும் கடைப்பிடித்தார். கத்தி மழுங்கியிருந்தது, அதுதான். மழுங்கிய கத்தியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது, தள்ளும்போது நழுவுகிறது. பயிற்சிக்குப் புறப்படும் முன் எல்லாக் கத்தியையும் சாணை பிடித்திருக்க வேண்டியது என் வேலை. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று நினைத்து மழுங்கிய கத்தியைத் தருபவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

குடிநீருக்கு: கலங்கலைத் துணியில் வடிகட்டி, கொப்புளம் வந்து புரளும்படி ஒரு நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். கிருமி சாகும், ரசாயனக் கலப்பு கொதிக்க வைத்தாலும் போகாது. தீயை அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் நகர்ந்தோம்.

இரவு எட்டு மணிக்கு, காணாமல் போன பிள்ளையைத் தேடும் ஒத்திகை. தன்னார்வலர் ஒருவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக நடித்தார். கேம்ப்பிலிருந்து 300 மீட்டர் தள்ளி ஒரு புதர் மறைவில் போர்வையோடு அவரை உட்கார வைத்து, துணைக்கு நானும் உட்கார்ந்தேன். வழி தவறினால் நடக்காதே, இருந்த இடத்திலேயே இரு, மூன்று விசில் ஊது, கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று ஊது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அவரும் அப்படியே ஊதினார்.

தேடல் நன்றாகவே தொடங்கியது. கடைசியாகப் பார்த்தது யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒருவர் எழுதினார். ஆள் எண்ணினார்கள். இருவர் இருவராகத்தான் கிளம்பினார்கள். டார்ச் வெளிச்சம் எங்கள் பக்கமாக வருவதைப் பார்த்தோம். மூன்று விசில். வெளிச்சம் நின்றது. மறுபடி மூன்று விசில். வெளிச்சம் திரும்பிப் போய்விட்டது.

இருட்டில் அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். பக்கத்தில் இருந்தவர் நடிப்பை மறந்து என் கையைப் பிடித்தார். ஒத்திகை என்று தெரிந்த பெரியவருக்கே அப்படி என்றால், உண்மையாகவே தொலைந்த பிள்ளை என்ன நினைக்கும்?

இருபத்திரண்டு நிமிடம் கழித்து வேறு ஜோடி வந்து கண்டுபிடித்தது. திரும்பிப் போனவர்களிடம் கேட்டோம். அவர்கள் மலையேற்றப் பயிற்சியில் கற்ற முறை வேறு. அதில் ஆபத்துக் குறி நிமிடத்துக்கு ஆறு விசில். மூன்று விசில் என்றால் "கேட்டுவிட்டோம், வருகிறோம்" என்ற பதில். ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் இருந்து வந்த முறை அது, இன்றும் பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. வேறு பல இடங்களில் மூன்றுதான் ஆபத்துக் குறி. ஆக, உதவி கேட்டு ஊதிய மூன்று விசிலை, வேறொரு ஜோடி பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டுக் கொடுக்கும் பதில் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு தரப்பும் கற்றது சரிதான், கற்றதைச் சேர்ந்து பேசிக்கொள்ளவில்லை. அன்றிரவே முடிவு செய்தோம்: எங்கள் குழுவில் உதவிக்கு ஆறு, பதிலுக்கு மூன்று. எந்த விசிலாக இருந்தாலும், ஆளைக் கண்ணால் பார்க்கும் வரை யாரும் திரும்பக் கூடாது. ஒவ்வொரு கேம்ப்பிலும் முதல் மணி நேரத்திலேயே பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து இதை ஊதிப் பார்க்க வேண்டும்.

மழை இரண்டு மணிக்கு வந்தது. மூன்று மணி சுமாருக்கு, கயிறு சம்பந்தமான என் தவறும் வந்தது. நைலான் நனைந்தால் நீளும். வாங்கும்போது பலத்தையும் விலையையும் பார்த்தேன், இதை யோசிக்கவில்லை. பறை மாதிரி நின்ற தார்ப்பாய்கள் தொய்ந்துவிட்டன. மூன்றாம் அணியின் தார்ப்பாய் நடுவில் பள்ளமாகி, அதில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. இருபது லிட்டர் தேங்கினாலே இருபது கிலோ. இழுகயிறு கட்டும் மூலைக் கண்ணி (ஓட்டை வளையம்) ஒன்று துணியோடு பிய்ந்தது, தேங்கிய தண்ணீர் முழுக்க ஒரு பக்கமாகக் கொட்டியது. யாருக்கும் அடிபடவில்லை. இரண்டு பேரின் படுக்கை நனைந்தது, அவர்களை உலர்ந்த துணிக்கு மாற்றிப் பக்கத்துத் தார்ப்பாய்க்குள் அனுப்பினோம். நனைந்த உடையோடு காற்றில் உட்கார்ந்திருந்தால், கடுங்குளிர் இல்லாத இரவிலும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

விடிந்ததும் பழுது பார்த்தோம். கண்ணி போன இடத்தில் ஊசியும் நூலும் வேண்டியதில்லை. கோலி அளவுக்கு வழுவழுப்பான கூழாங்கல் ஒன்றை, கிழிசலுக்கு ஒரு சாண் உள்ளே தள்ளி, தார்ப்பாய்த் துணிக்கு அடியில் வைத்தோம். துணியோடு சேர்த்து அதைப் பொட்டலம்போலப் பிடித்து, கழுத்தில் குளோவ் ஹிட்ச் போட்டு இழுகயிற்றைக் கட்டினோம். கல் கூர்மையாக இருக்கக் கூடாது. கண்ணியைவிட இது உறுதி என்றே சொல்வேன், பாரம் ஒரு ஓட்டையில் விழாமல் துணி முழுக்கப் பரவுகிறது. உச்சிக் கயிற்றை டிரக்கர்ஸ் ஹிட்ச்சில் மறுபடி இழுத்தோம். ஒரு பக்கத்து நடு இழுகயிற்றைத் தாழ இறக்கி, தண்ணீர் வழிந்து ஓட ஒரு வாய் விட்டோம். ஈர மண்ணில் ஆட்டம் கண்ட முளைகளுக்குப் பின்னால் இன்னொரு முளை அடித்து இரண்டையும் கயிற்றால் பிணைத்தோம்.

பருத்தி, சணல், தேங்காய் நார் கயிறுகள் நேர் எதிர். நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கும், அவற்றை ராத்திரி படுக்கும் முன் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். பாலியஸ்டர் கயிறு நனைந்தாலும் நைலான் அளவுக்கு நீளாது, அடுத்த முறை உச்சிக் கயிறுக்கு அதுதான். நைலானை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றால், மழை பிடித்த அரை மணி நேரத்தில் எழுந்து ஒரு முறை இழுத்துவிட வேண்டும். டாட்லைன் முடிச்சு அதற்காகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை அதைக் கற்றோம், ராத்திரி யாரும் எழுந்து தொடவில்லை. நானும்தான்.

ஞாயிறு காலை ஈர விறகில் மறுபடி ஒரு லிட்டர் தண்ணீர். வெளியே நனைந்த விறகைப் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது. சாணை பிடித்த கத்தியால் அந்தக் காய்ந்த உள்பகுதியை இழை இழையாகச் சீவி, சீவல் குச்சியிலேயே ஒட்டிக்கொண்டு சுருண்டு நிற்கும்படி விட்டோம். முதல் நாளைவிட விறகு மோசம், நேரம் நன்றாக இருந்தது: 11, 16, 19 நிமிடம். 16 நிமிடம் இரண்டாம் அணியுடையது. தண்ணீர் கொதித்ததும் அந்தத் தம்பி எழுந்து நின்று ஆசிரியையைத்தான் முதலில் பார்த்தார்.

வரைபடமும் திசைகாட்டியும் கடைசி. நூறு மீட்டரை நடந்து, இடது கால் எத்தனை முறை ஊன்றுகிறது என்று ஒவ்வொருவரும் எண்ணினோம். எனக்குச் சமதரையில் 63, ஏற்றத்தில் 72. பிறகு 350 மீட்டர் தூரத்தில் ஒரு கொடியை, திசையை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு அணி அறுபது மீட்டர் தள்ளிப் போய் நின்றது. திசைகாட்டி வைத்திருந்தவர் அதை மார்புக்கு நேரே சரியாகப் பிடித்திருந்தார், ஆனால் அவர் சட்டைப் பையில் காந்த மூடி போட்ட ஃபோன். ஊசி பத்து டிகிரி விலகினாலே 350 மீட்டரில் அறுபது மீட்டருக்கு மேல் பிசகும். ஃபோனைப் பையில் போட்டு முதுகுக்கு மாற்றியதும் ஐந்து மீட்டருக்குள் வந்தார்கள். வரைபட வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும்; வரைபட ஓரத்தில் அச்சிட்ட ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நடை 6 கிலோமீட்டர், ஏற்றம் 240 மீட்டர். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் கொடுத்த கணக்குப்படி, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். எங்களுக்கு 1 மணி 36 நிமிடம் வர வேண்டும். 2 மணி 20 நிமிடம் ஆனது. பிள்ளைகளோடு போகும்போது கணக்கைவிட ஒன்றரை மடங்காவது நேரம் வைத்துக்கொள்வேன்; பின்தங்கி நடக்கும் பிள்ளையின் வேகம்தான் குழுவின் வேகம். வழியில் கழிப்பறை இல்லாத இடத்துக்கு: 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி, நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, முடிந்ததும் மண் போட்டு மூடுவது.

மாலையில் முக்காலிகளை அவிழ்த்தோம். குறுக்குக் கம்புகளில் கட்டு எல்லாம் அப்படியே இறுக்கமாக இருந்தன, நெரிச் சுற்றை அவிழ்க்க இரண்டு பேர் தேவைப்பட்டது. கயிறுகளை ஈரத்தோடு சுருட்டாமல், வீட்டு மாடியில் நிழலில் கொடி கட்டி மூன்று நாள் காயப் போட்டேன். தார்ப்பாய்களை மண் போகக் கழுவி உலர்த்தினேன். மூன்றாவது தார்ப்பாய்க்குப் புதுக் கண்ணி அடித்துவிடலாமா என்று அந்த அணியிடம் கேட்டேன். வேண்டாம், கூழாங்கல் அங்கேயே இருக்கட்டும், அடுத்த கேம்ப்பில் அந்தத் தார்ப்பாயைப் பிள்ளைகள் போடும்போது நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறோம் என்றார்கள்.